புல் மிஷினைக் கிளப்பித் தந்தவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம். நேரில் ஆளாளுக்குச் சொல்லிவிட்டேன்தான், ஆனாலும் எழுதிவைக்காவிட்டால் மனம் ஆறாது போல இருக்கிறது, ஏனென்றால் நம்ம பள்ளிக்கூடத்து இல்ல விளையாட்டுப் போட்டி அன்று மைதானம் பளிச்சென்று இருப்பதற்காக மைக்கில் என் பெயரைச் சொல்லி நன்றி சொன்னார்கள், எனக்கு எங்கே போய் முகத்தை வைப்பது என்று தெரியவில்லை. அந்த மிஷினைக் கெடுத்ததே நான்தான்.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். லண்டனில் இருக்கும் பழைய மாணவர் ஒருவர் வாங்கி அனுப்பிய, உட்கார்ந்து ஓட்டுகிற புல் வெட்டும் மிஷின் அது. சாவி சங்கத்தின் சார்பில் என்னிடம். 2022இல் பெற்றோலுக்கு நாம் பட்ட பாடு யாருக்கும் மறந்திருக்காது, ஹட்டன் பெற்றோல் செட்டில் ராத்திரி பூராவும் பனியில் கியூ நின்றவர்கள் நாம். அந்த நேரத்தில் மிஷின் டாங்கியில் பாதிக்கு மேல் பெற்றோல் கிடந்தது. நம்ம ஆட்டோத் தம்பி வந்து ஒரு லீற்றர் தரமுடியுமா என்று கேட்டார். சங்கத்துச் சொத்து, தரமுடியாது என்று பெரிய மனுஷன் மாதிரி சொல்லி அனுப்பிவிட்டு, தங்கத்தைப் பூட்டுவது போலக் கொட்டகையைப் பூட்டினேன். அப்புறம் பெற்றோல் தாராளமாக வந்தது, கியூஆர் காட்டி அளவாக வாங்குகிற முறையும் போனது, கொட்டகையை மட்டும் யாரும் திறக்கவில்லை.

போன மாதம் திறந்தால், சாவியைத் திருப்பினால், ஒரு சத்தமும் இல்லை. பழைய இரும்புக்காரரைக் கூப்பிடலாம் என்றுதான் நினைத்தேன். வாட்ச்சர் தாத்தாதான், "இருங்க தம்பி, கராஜ் பாஸ் ஒரு தடவை பார்க்கட்டும்" என்று பிடிவாதமாக நின்றார். முதல் நன்றி அவருக்கு.

டிக்கோயாவிலிருந்து வந்த பாஸ், அதாவது மெக்கானிக், எந்தச் சாமானையும் கழற்றவில்லை. மீற்றரை எடுத்துப் பற்றரியைப் பார்த்தார். நல்ல பற்றரி என்றால் 12.6 வோல்ட் காட்ட வேண்டும், நம்முடையது 4க்குக் கீழே. புதிது வாங்குவதற்கு முன்னால் வேறு பற்றரியில் தொட்டுப் பார்ப்போம் என்றார். யாரைக் கூப்பிடுவது? ஆட்டோத் தம்பியைத்தான். ஒரு வார்த்தை பழையதைப் பேசாமல் கேபிளோடு வந்து நின்று, டாங்கியைத் தட்டிப் பார்த்து, "அண்ணே, அந்தப் பெற்றோல் இன்னும் இருக்கா?" என்று மட்டும் கேட்டார். தம்பி, அந்த ஒரு லீற்றருக்கு இங்கேயே மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

பற்றரி கொடுத்தும் 'டிக்' என்றுகூடக் கேட்கவில்லை. இந்த மிஷினில் பிரேக்கை மிதித்திருந்தால்தான், பிளேட் லீவர் நிறுத்தியிருந்தால்தான் ஸ்டார்ட்டருக்குக் கரன்ட் போகும். பிரேக்குக்கு அடியில் குனிந்து பார்த்து அந்தச் சின்ன சுவிட்சைக் கண்டுபிடித்தது பத்தாம் தரத்துத் தங்கச்சி. நம்ம ஊர் ஈரத்தில் அதன் பின்கள் பச்சை பூத்துக் கிடந்தன. சுவிட்சைக் கழற்றி வயரை நேரே முறுக்கிவிடலாமே என்று நான் சொன்னதற்கு பாஸ் கொடுத்த ஏச்சு இன்னும் காதில் இருக்கிறது. பிரேக் மிதிக்காமலே ஸ்டார்ட் ஆனால் இந்தச் சரிவில் யாருடைய காலில் ஏறும், சொல்லுங்கள் என்றார். மைதானத்தின் மேற்கரையில் குறுக்கே ஓட்டக் கூடாது, ஏறி இறங்கித்தான் வெட்ட வேண்டும், 15 பாகைக்கு மேல் சாய்வு என்றால் மிஷினே வேண்டாம், கத்தியால் வெட்டுங்கள் என்றும் சொன்னார். பின்களைச் சுரண்டித் துடைத்து மாட்டியதும் இஞ்சின் சுற்றியது.

சுற்றியதே தவிர பிடிக்கவில்லை. பொறி தரும் பிளக்கைக் கழற்றினால் பெற்றோல் படாமல் காய்ந்து கிடந்தது. பெற்றோலைக் காற்றோடு கலந்து இஞ்சினுக்குக் கொடுக்கும் காபரேற்றரின் வாயில் புதுப் பெற்றோல் கொஞ்சம் விட்டுச் சுற்றியபோது இரண்டு தடவை இருமிவிட்டு அடங்கியது. எனக்கு அது தோல்வி, பாஸ் முகத்தில் சிரிப்பு. பொறி இருக்கிறது, பெற்றோல்தான் வந்து சேரவில்லை என்பது அதன் அர்த்தமாம். டாங்கி மூடியைத் திறந்து என்னை மோந்து பார்க்கச் சொன்னார். பெற்றோல் வாசமே இல்லை, பழைய வார்னிஷ் நெடி. நான் பொத்திப் பொத்திக் காத்த தங்கம் அதுதான். பெற்றோல் சில மாதத்திலேயே கெட ஆரம்பித்துவிடும், லேசானதெல்லாம் ஆவியாகிப்போய் மிச்சம் பிசினாகத் தங்கும் என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். காபரேற்றர் கிண்ணத்தில் அந்தப் பிசின் கருப்பட்டிப் பாகு மாதிரி ஒட்டியிருந்தது, பெற்றோல் போகும் ஜெட்டின் சின்னத் துளை சுத்தமாக அடைத்திருந்தது. ஊசி போட்டுக் குத்தினால் பித்தளைத் துளை பெரிதாகிவிடும் என்று மின்சார வயருக்குள் இருக்கும் செம்பு இழை ஒன்றை உருவி, அதைக் கிளீனரில் நனைத்து நனைத்து ஒரு மணித்தியாலம் உட்கார்ந்தார் மனுஷன்.

பெற்றோல் குழாயும் வெடித்திருந்தது. ஃபில்டருக்குக் கொழும்புக்குத்தான் எழுத வேண்டுமோ என்று பயந்தேன், ஹட்டன் சாமான் கடை அண்ணன் குழாயின் அளவைப் பார்த்துவிட்டு மோட்டார் சைக்கிளுக்குப் போடுவதில் ஒன்றை எடுத்துக் கொடுத்தார், கச்சிதம். அண்ணன், பாக்கி 150 ரூபாய் நினைவிருக்கிறது.

இஞ்சின் மூடியைத் திறந்ததும் இன்னொரு கூத்து. குளிர்விக்கும் தகடுகளுக்கு மேலே எலி வீடு கட்டியிருந்தது, எல்லாம் பழைய தவணைப் பரீட்சைத் தாள்கள். அதோடு ஓட்டியிருந்தால் சூடேறி இஞ்சின் போயிருக்கும். கணக்குத் தாள்தான் அதிகம் கடிபட்டிருந்தது, எலிக்கும் கஷ்டம் போலும்.

கெட்ட பெற்றோலைத் தண்ணி ஓடும் கானில் ஊற்றப் போன என்னைத் தடுத்தவர் தோட்டத்து லய வீட்டு அக்கா. அந்தக் கான் கீழே தண்ணி பிடிக்கும் பீலிப் பக்கம்தான் போகிறது, அவர் சொல்லியிருக்காவிட்டால் நான் ஊற்றியிருப்பேன். பாஸ் அதைக் கேனில் எடுத்துப் போய்விட்டார். அக்கா அன்று தந்த ரொட்டிக்கும் கட்டச் சம்பலுக்கும் சேர்த்தே நன்றி.

மாலை ஐந்து மணிக்குப் புது ஒயில், புதுப் பெற்றோல் விட்டு, சாவியைத் தாத்தா கையில் கொடுத்தோம். மூன்றாவது தடவையில் கருப்புப் புகை கக்கிக்கொண்டு பிடித்தது. லயத்துப் பிள்ளைகள் கத்திய கத்தலில் இஞ்சின் சத்தமே எனக்குக் கேட்கவில்லை.

பாஸ் கூலியாக வாங்கியது சாமான் காசு மட்டும், அதையும் இங்கே சொல்லிவிடுகிறேன், அவருக்குப் பிடிக்காவிட்டாலும் பரவாயில்லை. டிசம்பர் விடுமுறைக்கு முன்னால் பற்றரியைக் கழற்றி மாதம் ஒரு தடவை சார்ஜ் போடுவது தங்கச்சியின் பொறுப்பு என்று அதிபர் சொல்லிவிட்டார். டாங்கியை வடித்துக் காயவைப்பது என் வேலை. வடிக்கும் பெற்றோல் எவ்வளவாக இருந்தாலும், புதிதாக இருக்கும்போதே, தம்பியின் ஆட்டோவுக்கு.