செல்ஃப் மோட்டார் விஷயமாக நம் வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

வணக்கம்.

பொள்ளாச்சியிலும் சுற்றுப்பட்ட ஊர்களிலும் பழைய டீசல் வண்டி வைத்திருப்பவர்களுக்கு நம் ஆட்டோ எலக்ட்ரிக்கல் பட்டறையைப் பற்றி நான் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. செல்ஃபைப் பற்றி, அதாவது சாவியைத் திருப்பியதும் எஞ்சினைச் சுற்றிவிடும் ஸ்டார்ட்டர் மோட்டாரைப் பற்றி, பத்து நாளாக வாட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு சுற்றுகிறது. உங்களில் பலரும் கேட்டிருப்பீர்கள், நாலைந்து பேர் எனக்கே அனுப்பி வைத்தீர்கள். "நல்லா இருந்த செல்ஃபைக் கழட்டி வச்சிக்கிட்டு, புதுசு மாட்டி காசு வாங்கிட்டாங்க. இருபதே நாள்ல வண்டி மறுபடியும் நின்னு போச்சு" என்கிறது அது. பேசியவர் பல வருடமாக நம்மிடம் வருகிறவர். அவர் யார் என்று நான் சொல்லப்போவதில்லை, நீங்களும் கேட்காதீர்கள். குடும்பத்தோடு ராத்திரி நடுவழியில் நின்றவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். வண்டி மறுபடி நின்றது உண்மை. ஆனால் அது "நல்லா இருந்த செல்ஃப்" இல்லை. அந்த ஒரு வார்த்தைதான் என்னைத் தூங்கவிடவில்லை.

வண்டி 2007 மாடல் டீசல் கார். சாவியைத் திருப்பினால் ஒரே ஒரு ‘டக்’, எஞ்சின் சுற்றவில்லை. பேட்டரியில் மீட்டர் 12.5 வோல்ட் காட்டியது. ஹெட்லைட்டைப் போட்டுக்கொண்டு மறுபடி சாவியைத் திருப்பச் சொன்னேன், வெளிச்சம் குறையவே இல்லை. பேட்டரி இறங்கியிருந்தால் விளக்கு மங்கிவிடும், டக்டக்டக் என்று விடாமல் அடிக்கும். விளக்கு அப்படியே எரிய ஒரு டக் மட்டும் கேட்டால், செல்ஃபுக்குக் கரண்டைத் திறந்துவிடும் காந்த ஸ்விட்ச்சான சோலினாய்டு இழுக்கிறது, மோட்டாருக்குள் கரண்ட் போகவில்லை என்று அர்த்தம். செல்ஃப் மேல் மரக்கட்டையால் இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினோம், எடுத்துவிட்டது. தட்டினால் எடுக்கிற செல்ஃபை அப்படியே அனுப்பினால் அடுத்தமுறை வால்பாறை ரோட்டில் ஏதாவது ஒரு கொண்டை ஊசி வளைவில்தான் நிற்கும். அங்கே வளைவு 40, மெக்கானிக் யாரும் கிடையாது.

பேட்டரி நெகட்டிவ் வயரைக் கழற்றிவிட்டு செல்ஃபை இறக்கினோம். வீட்டில் நீங்களே கழற்றினாலும் முதலில் இதைச் செய்யுங்கள். செல்ஃபுக்குப் போகும் தடித்த வயரில் சாவி போடாதபோதும் கரண்ட் இருக்கும், ஸ்பேனர் பாடியில் பட்டால் அப்படியே ஒட்டிக்கொள்ளும். அவர் பக்கத்தில் நிற்கும்போதுதான் மேசையில் வைத்துப் பிரித்தேன். சோலினாய்டுக்குள் இருக்கும் செம்புத் தொடுப்பு ஒரு பக்கம் கருகிக் குழி விழுந்திருந்தது. சுழலும் பகுதிக்குக் கரண்ட் கொடுக்கும் நாலு கார்பன் பிரஷ்ஷில் இரண்டு, ஸ்பிரிங் அழுத்த முடியாத அளவுக்குத் தேய்ந்திருந்தன. தண்டைத் தாங்கும் புஷ் தேய்ந்து ஓட்டை முட்டை வடிவமாகிவிட்டது. அதனால் உள்ளே சுழலும் ஆர்மேச்சர் சாய்ந்து ஓடி, ஓரத்தில் உரசிய தடம் பளபளவென்று தெரிந்தது, நகத்தால் தடவினால் தட்டுப்படும். பிரஷ்ஷும் புஷ்ஷும் மட்டும் என்றால் அன்று சாயந்திரமே போட்டுக் கொடுத்திருப்பேன். ஆர்மேச்சரே உரசின பிறகு புதுசு போடுவதுதான் நல்லது என்று சொன்னேன். அவரும் சரி என்றார். பழையதை எடுத்துப் போங்கள் என்றதற்கு, "அந்த இரும்பை வச்சு நான் என்ன பண்றது, இங்கேயே கிடக்கட்டும்" என்றார். அது இன்னும் இங்கேதான் இருக்கிறது. வண்டி நம்பர் எழுதிய அட்டையைக் கட்டி, மேசைக்குக் கீழே வைத்திருக்கிறேன். விற்கவும் இல்லை, வேறு வண்டியில் மாட்டவும் இல்லை. யார் வேண்டுமானாலும் வந்து பிரித்துப் பார்க்கலாம்.

நம் பக்கம் தப்பு எங்கே நடந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். சோலினாய்டுத் தொடுப்பு ஏன் கருகியது என்று அன்றைக்கே தேடியிருக்க வேண்டும். அன்று கடையில் கூட்டம், புதுசைப் போட்டதும் எஞ்சின் நன்றாகச் சுற்றியது, விட்டுவிட்டோம். இருபது நாள் கழித்து வண்டி திரும்பி வந்தபோது மீட்டரின் ஒரு முனையை பேட்டரி நெகட்டிவிலும் இன்னொன்றை எஞ்சின் பிளாக்கிலும் வைத்துக்கொண்டு சாவியைத் திருப்பச் சொன்னேன். கால் வோல்ட்டுக்கு மேல் காட்டக்கூடாத இடத்தில் 1.4 வோல்ட். கியர்பாக்ஸிலிருந்து பாடிக்கு வரும் எர்த் வயர் (கரண்ட் பேட்டரிக்குத் திரும்பிப் போகும் வழி), உறைக்குள்ளே பச்சை பூத்து, நாலைந்து இழையில் தொங்கிக்கொண்டிருந்தது. வெளியிலிருந்து பார்த்தால் நல்ல வயர்தான். எர்த் சரியில்லை என்றால் வோல்டேஜ் குறையும், சோலினாய்டு விட்டு விட்டுப் பிடிக்கும், ஒவ்வொரு முறையும் தீப்பொறி அடிக்கும், தொடுப்பு கருகும். பழைய செல்ஃபைக் கெடுத்தது அந்த வயர்தான், புதுசையும் கெடுக்கத் தொடங்கியிருந்தது. வயரை மாற்றினோம், சோலினாய்டும் மாற்றினோம், அவரிடம் காசு வாங்கவில்லை. இந்தக் கடைசி விஷயம் அந்தக் குரல் பதிவில் இல்லை. சரி, அதை விடுகிறேன். முதல் நாளே பார்க்காதது என் தப்பு, அவரிடம் நேரில் மன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

டீசலில் இதெல்லாம் ஏன் இத்தனை பெரிதாகிறது என்று கேட்பவர்களுக்கு: பெட்ரோல் எஞ்சினில் காற்று பத்து மடங்கு அளவில் அமுங்கினால், பழைய டீசல் கார்களில் இருபது மடங்குக்கு மேல் அமுங்குகிறது. அந்த எஞ்சினைச் சுற்ற செல்ஃப் இருநூறு முந்நூறு ஆம்பியர் இழுக்கும். அந்தக் கரண்டுக்கு ஒரு லூஸ் டெர்மினல் போதும், எஞ்சின் மெதுவாகச் சுற்றும், அமுங்கிய காற்றில் சூடு ஏறாது, டீசல் பற்றாது. மலைக்காற்றில் காலையில், எஞ்சினுக்குள் முன்கூட்டியே சூடேற்றும் ஹீட்டர் பிளக்கும் வேலை செய்யவில்லை என்றால், பத்து நொடி, இருபது நொடி என்று அடித்துக்கொண்டே இருப்பீர்கள். அப்படி அடிக்காதீர்கள். பத்து நொடிக்குள் எடுக்கவில்லை என்றால் சாவியை விட்டுவிட்டு ஒரு நிமிடம் செல்ஃபை ஆறவிடுங்கள். எத்தனையோ ஆர்மேச்சர் எரிந்தது அப்படித்தான்.

இப்போது கொஞ்சம் கஷ்டமான சமாச்சாரம். நம்மிடம் காயில், அதாவது செல்ஃபுக்குள் இருக்கும் செம்புக் கம்பிச் சுற்று, கட்டிக்கொண்டிருந்த பெரியவரை உங்கள் எல்லோருக்கும் தெரியும். கண் பார்வை குறைந்ததால் இந்த ஆடி மாதத்தோடு நின்றுகொண்டார். அவரைப் போல ஒரு கை எனக்கு இன்னும் கிடைக்கவில்லை. காயில் வேலையைக் கோவைக்குக் கொடுத்தனுப்புகிறேன், அதனால் இரண்டு மூன்று நாள் ஆகிறது. உதிரிபாகத்துக்கு ஜிஎஸ்டி 28-லிருந்து 18 சதவீதமாகக் குறைந்ததே, நீங்கள் ஏன் குறைக்கவில்லை என்று சிலர் கேட்டீர்கள். 2025 செப்டம்பர் 22-லிருந்து புது செல்ஃபுக்கும் சோலினாய்டுக்கும் அந்த வித்தியாசத்தைக் குறைத்துத்தான் பில் போடுகிறேன், பழைய பில் இருந்தால் ஒப்பிட்டுப் பாருங்கள். காயில் கட்டுவது அப்படியில்லை. அதில் இருப்பது செம்பும் ஆள் கூலியும். 2024 மே மாதம் லண்டன் சந்தையில் செம்பு டன் 11,000 டாலரைத் தொட்டது, அதற்குப் பிறகு எனக்குப் பழைய விலையில் கம்பி கிடைக்கவே இல்லை. ஆகவே காயில் கட்டும் கூலி ஏறுகிறது, வெளியே கட்டி வரும் செல்ஃபுக்கு கேரண்டி ஆறு மாதத்திலிருந்து மூன்று மாதமாகிறது.

இனிமேல் எந்த வண்டியிலும் பேட்டரி, டெர்மினல், எர்த், சோலினாய்டுக்கு வரும் சின்ன வயர் எல்லாவற்றிலும் மீட்டர் வைத்து, அளவை பில்லிலேயே எழுதிய பிறகுதான் செல்ஃபில் கை வைப்போம். அதற்கு அரை மணி நேரம் கூடுதலாகும், அவசரப்படுத்தாதீர்கள். கழற்றிய பொருள் உங்களுக்கு வேண்டாம் என்றாலும் டிக்கியில் வைத்துத்தான் அனுப்புவோம்.

இந்தப் பத்து நாளில் அந்தப் பதிவைக் கேட்டும் வழக்கம்போல வண்டியை விட்டுவிட்டுச் சாவியை மேசையில் வைத்துப் போனவர்கள் இருக்கிறீர்கள். ஆனைமலையிலிருந்து ஒரு அண்ணன், செல்ஃபில் ஒரு கோளாறும் இல்லாத ஜீப்பை ஓட்டிக்கொண்டு வந்து, டீ வாங்கிக் கொடுத்து, அரை மணி நேரம் உட்கார்ந்திருந்துவிட்டுப் போனார். அந்தப் பதிவைப் பற்றி அவர் ஒரு வார்த்தை பேசவில்லை. உங்களுக்கெல்லாம் எப்படி நன்றி சொல்வதென்று தெரியவில்லை. இருபது வருடம் பழகிய வண்டியை இன்னொருவர் கையில் கொடுப்பது எவ்வளவு பெரிய நம்பிக்கை என்று எனக்குத் தெரியும்.

வருத்தம் எதுவானாலும் கடைக்கு வந்து என்னிடமே சொல்லுங்கள். ஞாயிறு தவிர மற்ற நாட்களில் காலை 9 மணியிலிருந்து இருப்பேன்.

என்றும் உங்கள் அன்புள்ள,
பட்டறைக்காரர்