எந்தப் பள்ளி என்று கேட்ட மகளுக்கு

சைதாப்பேட்டை,
சென்னை.

அன்புள்ள மகளுக்கு,

நீ அனுப்பிய மூன்று பள்ளிகளின் கட்டண விவரத்தையும் அம்மாவும் நானும் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்த்தோம். மூன்றரை வயதுப் பிள்ளைக்கு ஆண்டுக்கு இவ்வளவா என்று அம்மா கேட்டாள். நான் வேலையில் சேர்ந்த ஆண்டில் வாங்கிய மொத்தச் சம்பளத்தைவிட அது அதிகம் என்பதை அவளிடம் சொல்லவில்லை. "முப்பத்தோர் ஆண்டு ஆசிரியராக இருந்தவர் நீங்கள், எந்தப் பள்ளி என்று நீங்களே சொல்லுங்கள்" என்று எழுதியிருந்தாய். ஒரு பள்ளியின் பெயரைச் சொல்வதற்கு முன் படிப்பு எதற்கு என்பதை எனக்குள் ஒருமுறை தெளிவுபடுத்திக்கொள்ள வேண்டியிருந்தது. பதில் பத்து நாள் தாமதமானது அதனால்தான்.

படிப்பு வேலைக்காக அன்று, அறிவுக்காக மட்டுமே என்று மேடையில் முழங்குகிறவர்களை நான் முழுதாக நம்புவதில்லை. அப்படிப் பேசுகிறவர் பெரும்பாலும் வேலை கிடைத்தவராகவே இருப்பார். உன் தாத்தா கொத்தனார். நான் பள்ளிக்குப் போனதற்கு முதற்காரணம் அங்கே மதியம் வயிற்றுக்குக் கிடைக்கும் என்பதுதான். 1920-இல் சென்னை மாநகராட்சி ஆயிரம் விளக்குப் பகுதியில் தன் பள்ளி ஒன்றில் செய்து பார்த்த ஏற்பாடு, 1956-இல் காமராசர் ஆட்சியில் மாநிலத் திட்டமாக விரிந்தது. அந்த வரிசையில் அலுமினியத் தட்டோடு நின்று கோதுமை உப்புமா வாங்கித் தின்றவன் நான். அந்த உப்புமாவும் பின்னால் வந்த சம்பளமும் இல்லையென்றால் உன் பொறியியல் படிப்பும் இல்லை. ஆகவே வருமானத்தை நான் இழிவாகப் பேசமாட்டேன். என் வருத்தம் வேறிடத்தில் இருக்கிறது, அதில் நீயும் சம்பந்தப்பட்டிருக்கிறாய்.

நீ ஏழாம் வகுப்பில் இருந்தபோது ஓர் இரவு கணக்கு நோட்டோடு என்னிடம் வந்து, "மைனஸையும் மைனஸையும் பெருக்கினால் ஏன் ப்ளஸ் வருகிறது?" என்று கேட்டாய். நான் விடைத்தாள் கட்டு ஒன்றைத் திருத்திக்கொண்டிருந்தேன். "அது விதி, மனப்பாடம் பண்ணு" என்றேன். நீ நகராமல் நின்றாய். "உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா அப்பா?" என்றாய். அதற்குத்தான் எனக்குக் கோபம் வந்தது. தெரியாது என்ற ஒரு சொல்லை மகளிடம் சொல்ல முடியாமல், "பெரியவர்களை எதிர்த்துப் பேசாதே" என்று சொல்லி உன்னை அனுப்பிவிட்டேன். அந்த ஆண்டு கணக்கில் நீ நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு வாங்கினாய், நான் தெருவெல்லாம் சொல்லி மகிழ்ந்தேன். ஆனால் அதன்பிறகு "ஏன்" என்ற கேள்வியோடு நீ என்னிடம் வந்ததாக எனக்கு நினைவில்லை.

"பிற்றைநிலை முனியாது கற்றல் நன்றே" என்ற புறநானூற்று அடியை ஆண்டுதோறும் கரும்பலகையில் எழுதிப் பொருள் சொன்னவன் நான் என்பதை இங்கே வெட்கத்தோடு சேர்த்துக்கொள்ள வேண்டும். பணிந்து நிற்க வேண்டியிருக்கிறதே என்று வெறுக்காமல் கல் என்று சொன்னவன் ஒரு பாண்டிய அரசன், ஆரியப்படை கடந்த நெடுஞ்செழியன். படைகளை வென்றவனுக்கே கற்கும் இடத்தில் தாழ்ந்து நிற்பது அவமானமாகத் தெரியவில்லை, எனக்குத் தெரிந்தது.

உ.வே. சாமிநாதையரின் வாழ்க்கையில் ஒரு சந்திப்பை நான் வகுப்பில் கதையாகச் சொல்லிக் கைதட்டல் வாங்கியிருக்கிறேன். அதன் கனம் இப்போதுதான் புரிகிறது. 1880-இல் அவர் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியர், வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர் என்ற பெருமை வேறு. அவ்வூருக்கு முன்சீபாக, அதாவது நீதிபதியாக, வந்திருந்த சேலம் இராமசாமி முதலியார் என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று கேட்க, அவர் அந்தாதி, கோவை, பிள்ளைத்தமிழ், புராணம் என்று அடுக்கிக்கொண்டே போனார். முதலியார் அசையவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா என்று கேட்டார். இல்லை. வேறொருவராக இருந்தால் வீட்டுக்குத் திரும்பி முதலியாரைத் திட்டியிருப்பார். இவரோ ஏட்டை வாங்கிப் பிரித்து, அது சமண நூல், அதன் சமயக் கருத்துகள் தமக்குப் பிடிபடவில்லை என்று கண்டவுடன், அதே ஊரிலிருந்த சமணர்களைத் தேடிப் போய் அவர்கள் முன் மாணவனாக உட்கார்ந்து ஐயம் கேட்டார். சைவச் சூழலில் வளர்ந்த, சம்பளம் வாங்கும் ஓர் ஆசிரியர், தம் சமயத்தாரல்லாத இல்லறத்தாரிடம் போய் இது எனக்குத் தெரியவில்லை என்று சொன்னது அந்தக் காலத்தில் சிறிய காரியமன்று. 1887-இல் அவர் பதிப்பித்த சிந்தாமணி அச்சில் வந்தது. கல்வி என்றால் என்ன என்று யாராவது கேட்டால், அவர் ஏற்கெனவே கற்றிருந்த அந்தாதிகளை அல்ல, அவர் நடந்துபோன அந்தத் தெருவைத்தான் நான் காட்டுவேன்.

உன் பழைய கேள்விக்கு எனக்கு விடை கிடைத்துவிட்டது. நம் கீழ்வீட்டில் இட்லிக் கடை நடத்தும் அம்மாவின் மகள் மாநகராட்சிப் பள்ளியில் ஏழாம் வகுப்பு படிக்கிறாள், மாலையில் தமிழ் படிக்க வருவாள். போன ஆடியில் அவளும் அதே கேள்வியைக் கேட்டாள். இந்த முறை, "தெரியாதம்மா, உட்கார், பார்க்கலாம்" என்றேன். நாட்காட்டியில் கிழித்த தாளின் பின்பக்கத்தில் −2-ஐ 3, 2, 1, 0 ஆகியவற்றால் பெருக்கி ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதினோம்: −6, −4, −2, 0. கொஞ்ச நேரம் இருவரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். பிறகு அவள்தான், "தாத்தா, ஒவ்வொரு படிக்கும் ரெண்டு ரெண்டாக் கூடுது, அப்போ அடுத்து ரெண்டுதானே வரணும்?" என்றாள். அடுத்த வரி −1 பெருக்கல் −2. ஓய்வுபெற்ற பிறகு, பன்னிரண்டு வயதுப் பெண் சொல்லி, அது எனக்கு விளங்கியது. அந்தத் தாளைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். அடுத்த முறை வரும்போது உனக்குத் தருவேன்.

இனி பள்ளி விஷயம். நுழைவாயிலையும் குளிரூட்டிய வகுப்பறையையும் காட்டுவார்கள், பார்த்துக்கொள், அதில் தவறில்லை. ஆனால் கால் மணி நேரம் ஒரு வகுப்பின் பின்னால் நிற்க அனுமதி கேள். ஒரு குழந்தை தப்பாகப் பதில் சொல்லும்போது மற்ற குழந்தைகள் சிரிக்கிறார்களா, ஆசிரியை அந்தத் தப்பை என்ன செய்கிறார் என்று கவனி. தமக்குத் தெரியாததைக் கேட்டுவிட்டால் அவர் முகம் எப்படிப் போகிறது என்று பார். என் முகம் போனதுபோல் போனால் அந்தப் பள்ளி வேண்டாம். பட்டியலில் மூன்றாவதாக இருப்பது வீட்டிலிருந்து நடக்கும் தொலைவு என்று எழுதியிருந்தாய், கட்டணமும் அதில்தான் குறைவு. முதலில் அங்கே போய்ப் பார்.

பேரன் சித்திரையில் பெசன்ட் நகர் கடற்கரையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, கடலுக்கு யார் உப்புப் போட்டது என்று கேட்டான். சுண்டல் வாங்கிக் கொடுத்துச் சமாளித்துவிட்டேன். இப்போது கொஞ்சம் படித்து வைத்திருக்கிறேன்: பாறையில் கரைந்த உப்பை ஆறுகள் கொண்டுவந்து சேர்க்கின்றன, வெயிலில் தண்ணீர் ஆவியாகிப் போக உப்பு தங்கிவிடுகிறது. அப்படியானால் அந்த ஆற்றுத் தண்ணீர் ஏன் கரிப்பதில்லை என்று அவன் கட்டாயம் கேட்பான். ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கொஞ்ச நேரம் அவனிடம் தொலைபேசியைக் கொடு.

அன்புடன்,
அப்பா