பேசவிடாதவர்களையும் எழுதுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இளம் வயதில் நாடாளுமன்றம் சென்றவர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையில், வட அயர்லாந்தின் பெர்னடெட் டெவ்லினுக்கு ஒரே ஒரு வரிதான் கிடைத்திருக்கிறது: பிரிட்டனின் உள்துறை அமைச்சரை அவையிலேயே அறைந்தவர் என்று. படித்ததும் மனம் பொறுக்கவில்லை.

1969 ஏப்ரலில் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தின் மிட் அல்ஸ்டர் தொகுதி இடைத்தேர்தலில் வென்றபோது அவருக்கு வயது 21. பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் பல்கலைக்கழகத்தில் உளவியல் மாணவி. அன்று வட அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தலில், சொந்தமாகவோ வாடகைக்கோ தன் பெயரில் வீடு வைத்திருப்பவருக்கும் அவருடைய துணைக்கும்தான் வாக்கு. அரசு வீடுகளை ஒதுக்கும் அதிகாரமோ பல ஊர்களில், பிரிட்டனுடனேயே இருக்க விரும்பிய, பெரும்பாலும் புராட்டஸ்டன்ட்களான யூனியனிஸ்ட்களின் மன்றங்கள் கையில். கத்தோலிக்கக் குடும்பத்துக்கு வீட்டை மறுத்தால் வாக்கும் தானாகவே போய்விடும். இதை எதிர்த்துத் தெருவில் இறங்கிய பெண்ணைத்தான் மக்கள் லண்டனுக்கு அனுப்பினார்கள். பதவியேற்ற அன்றே எழுந்து பேசினார். கன்னிப் பேச்சில் சர்ச்சை கூடாது என்ற மரபை அவர் மதிக்கவில்லை, மதித்திருக்கவும் கூடாது.

1970இல் மீண்டும் வென்ற சில நாட்களிலேயே, டெர்ரி நகரின் கத்தோலிக்கப் பகுதியான போக்ஸைடில் 1969இல் காவல்துறையுடன் நடந்த மோதல் வழக்கில் சிறை சென்றார்.

1972 ஜனவரி 30 அன்று அதே டெர்ரியில் உரிமை கேட்டு வந்த ஊர்வலத்தின் மீது பிரிட்டிஷ் ராணுவத்தின் பாராசூட் படையினர் சுட்டதில் 13 பேர் அன்றே இறந்தனர். காயமடைந்த ஒருவர் பின்னர் இறந்தார். கூட்டத்தில் பேசவிருந்த டெவ்லின் அங்கேதான் இருந்தார். மறுநாள் அவையில் உள்துறை அமைச்சர் ரெஜினால்ட் மௌட்லிங், படையினர் தற்காப்புக்காகவே சுட்டார்கள் என்றார். கண்ணால் கண்ட உறுப்பினர் பேச எழுந்தார். அவைத் தலைவர் அனுமதிக்கவில்லை. அதன் பிறகுதான் அவர் அமைச்சரை அறைந்தார். கை நீட்டியது சரி என்று நான் வாதாடவில்லை. ஆனால், அவர் வாயை அடைத்ததை விட்டுவிட்டுக் கையை மட்டும் எழுதுவது எப்படி நியாயமாகும்? அந்தத் துப்பாக்கிச் சூடு எந்த விதத்திலும் நியாயமற்றது என்று பிரதமர் டேவிட் கேமரன் அதே அவையில் மன்னிப்புக் கேட்டது 2010இல், 38 ஆண்டுகள் கழித்து.

திருமணமாகாமல் தாயானதற்காக 1971இல் சொந்த மக்களில் சிலரே அவரைக் கைவிட்டனர். 1974 பிப்ரவரித் தேர்தலில் ஒன்றுபட்ட அயர்லாந்தை விரும்பிய தேசியவாதிகளின் வாக்குகளும் பிரிய, தோற்றார். அப்போது அவருக்கு 27 வயதுகூட நிறையவில்லை.

இந்த விவரங்களையும் வாசகர்கள் அறியும்படி வெளியிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியை,
திருநெல்வேலி