பாய், அந்த ஏழு கோல்ஃப் ஸ்டிக்கும் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது

அன்புள்ள பாய்க்கு,

மார்ச் முடியப் போகிறது, சென்னை கோல்ஃப் கிளப்புக்குச் சந்தா கட்டும் நேரம் வந்துவிட்டது. அதனால்தான் இந்தக் கடிதம். போன் செய்தால் "அப்புறம் பேசலாம் தம்பி" என்று வைத்துவிடுகிறீர்கள். நேரில் வந்தால் டீ வருகிறது, பேச்சு வருவதில்லை. பொதுவில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ராணிப்பேட்டையிலிருந்து வாணியம்பாடி வரை கிட் பையைப் பரணில் ஏற்றிவிட்டு வாய் திறக்காமல் இருப்பவர்கள் பத்துப் பேராவது எனக்குத் தெரியும். அவர்களும் படிக்கட்டும்.

நீங்கள் ஆட்டத்தை நிறுத்தியதற்குக் காரணம் எழுத வேண்டியதில்லை. 2025 ஆகஸ்ட் 27 அன்று அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக்கியது. அதற்கு மறுவாரம் ஷூ தயாரிக்கும் உங்கள் ஷாப்பில் என்ன நடந்தது என்பது நம் இருவரோடு இருக்கட்டும். வரி பிறகு எப்படி மாறினாலும் ஒரு சீசனுக்கு நின்ற ஷூ ஆர்டர் அடுத்த சீசனில்தான் எட்டிப்பார்க்கும். கையை இறுக்கத்தான் வேண்டும். நீங்கள் செலவைக் குறைத்ததில் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. எதை முதலில் வெட்டினீர்கள் என்பதில்தான் வருத்தம்.

ஒரு ஐயன் செட் (இரும்புத் தலை ஸ்டிக்குகள்) வீட்டில் கிடக்க மாதம் ஒரு பைசா செலவில்லை. துரு ஏறாமல் துடைத்து வைத்தால் பதினைந்து வருஷம் உழைக்கும். முதலில் தேய்வது பந்தை உயரத் தூக்கும் வெட்ஜின் முகத்தில் இருக்கும் கோடுகள், அதுவும் மணலில் அடிக்கும், முகம் 56 டிகிரி சாய்ந்த வெட்ஜில். அப்படிப்பட்ட செட்டைத்தான் விற்றீர்கள். அதுவும் இந்தப் பக்கம் எல்லோருக்கும் ஒரே மாதத்தில் ஆர்டர் நின்று, எல்லோரும் பையைத் தூக்கிக்கொண்டு சென்னை வியாபாரிகளிடம் போய் நின்ற நேரத்தில். அவர்கள் சொன்னதுதான் விலை. ஆடினாலும் ஆடாவிட்டாலும் வருஷா வருஷம் தின்கிற சந்தாவை மட்டும் விடாமல் வைத்துக்கொண்டீர்கள்.

ஏன் என்று புரியாமல் இல்லை. ஒரு காலத்தில் நுழைவுக் கட்டணமாகக் கட்டிய பணம் திரும்பி வராது. வெளியே வந்தால் மறுபடி வரிசையில் கடைசி ஆள். இன்னொன்றும் இருக்கிறது. கிளப் பட்டியலில் பெயர் இருக்கும்வரை 'அவருக்கு ஒன்றும் ஆகவில்லை' என்று ஊர் நினைக்கும். இந்த வரியை வைக்கலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். கோபித்துக்கொள்ளாதீர்கள்.

2008 செப்டம்பரில் லேமன் பிரதர்ஸ் வங்கி விழுந்த பிறகு அமெரிக்காவில் அமெச்சூர் ஆட்டக்காரர்கள் என்ன செய்தார்கள் என்று நீங்களே எனக்குச் சொன்னதுண்டு. ஆட்டத்தை ஓரளவுதான் குறைத்தார்கள், புதுச் சாமான் வாங்குவதை அதைவிட அதிகமாகக் குறைத்தார்கள். பழைய டிரைவரே (முதல் அடிக்கான நீள ஸ்டிக்) இன்னும் இரண்டு வருஷம், கண்டெடுத்த பந்து, கிரிப் (கைப்பிடி ரப்பர்) மட்டும் புதுசு. வருஷம் ஒரு டிரைவர் விற்கும் என்று நம்பி நின்ற வியாபாரம் அதற்குப் பிறகு பல வருஷம் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. 2016இல் நைக்கி ஸ்டிக்கும் பந்தும் செய்வதை விட்டது, அதே வருஷம் கோல்ஃப்ஸ்மித் கடைகள் திவாலாயின, 2017இல் அடிடாஸ் தன் கோல்ஃப் சாமான் கம்பெனியான டெய்லர்மேடை விற்றது. எல்லாவற்றுக்கும் மந்தம் ஒன்றே காரணம் என்று சொல்லமாட்டேன். ஆனால் வாங்குவதைத் தள்ளிப்போட்டவனுக்கு ஆட்டத்தில் பெரிய நஷ்டமில்லை. டிரைவர் தலை 460 சிசியைத் தாண்டக்கூடாது என்ற விதி 2004லிருந்து இருக்கிறது, முகம் பந்தை உதைத்துத் தள்ளும் வேகத்துக்கும் உச்சவரம்பு உண்டு. அந்த வரம்பைத் தொட்ட பத்து வருஷத்து டிரைவருக்கும் இன்றையதற்கும் நம்மைப் போன்ற ஞாயிற்றுக்கிழமை ஆளின் கையில் இருக்கிற வித்தியாசம் சொற்பம்.

இதையெல்லாம் தெரிந்த நான்தான் 2025 ஜனவரியில் உங்களைப் புது டிரைவர் வாங்க வைத்தேன். அது என் தப்பு, பாய். மன்னித்துக்கொள்ளுங்கள். ஐயன்களுக்கு கிராஃபைட் ஷாஃப்ட் (ஸ்டிக்கின் தண்டு) போடச் சொன்னது தப்பில்லை, அதை இப்போதும் சொல்வேன். ஸ்டீல் ஷாஃப்டில் தரையை அடிக்கும் ஒவ்வொரு அதிர்வும் முழங்கைக்கு வருகிறது, உங்களுக்கு அப்போதே வலது முழங்கையில் வலி. சரக்கு கப்பலேறிக்கொண்டிருந்த காலம் அது, எட்டு மாதத்தில் இப்படி ஆகும் என்று யாருக்குத் தெரியும்? இருந்தாலும் டிரைவருக்குப் போன பணம் கையில் இருந்திருந்தால் இந்த வருஷச் சந்தாவுக்கே ஆகியிருக்கும் என்று இரவில் தோன்றும்.

பள்ளிகொண்டா பக்கம் பாலாற்று மணல் நினைவிருக்கிறதா? 2009 பிப்ரவரி. ஃபஜ்ர் தொழுது முடித்து நேரே வந்தீர்கள், இருட்டு பிரியவில்லை. சாண்ட் வெட்ஜ் ஒன்று, மஞ்சப்பையில் 24 பழைய பந்து. சென்னைக்குப் போவதை நிறுத்திவிட்டோம், ஆனால் கை மறக்கக்கூடாது என்றீர்கள். கிரிப் முனையால் மணலில் நீளமாக ஒரு கோடு கிழித்து, கோட்டுக்கு இரண்டு அங்குலம் முன்னால் வரிசையாகப் பந்தை வைத்தீர்கள். "கோட்டை அடி. பந்தை மறந்துடு." ஸ்டிக்கின் முகத்தை முதலில் திறந்து (வானம் பார்க்கச் சாய்த்து), பிறகுதான் கிரிப்பைப் பிடிக்கச் சொன்னீர்கள். பிடித்தபின் மணிக்கட்டைத் திருப்பித் திறந்தால் அடிக்கும் நொடியில் முகம் தானே மூடிக்கொள்ளும், முன்விளிம்பு மணலில் புதையும் என்று விளக்கினீர்கள். பாலாற்று மணல் பருக்கை, பங்கர் (மைதானத்து மணல் குழி) மணலைவிட முரடு, மூடிய முகத்தை அப்படியே விழுங்கும். நான் முதல் எட்டுப் பந்தை நேராகப் பந்திலேயே அடித்தேன். எட்டும் தாழப் பறந்து எதிர்க்கரைப் பக்கம் போயின. ஒன்பதாவதிலிருந்து மணலில் வடு கோட்டிலேயே ஆரம்பித்தது. பதினொன்றாவது 'தொப்'பென்ற சத்தத்தோடு மணலைத் தூக்கிக்கொண்டு எழும்பி, விழுந்த இடத்திலேயே நின்றது. நீங்கள் ஒன்றும் சொல்லவில்லை. அடுத்த பந்தைக் காலால் தள்ளி வைத்தீர்கள்.

பொறுக்கி எண்ணும்போது 23தான் இருந்தது. எந்தக் கம்பெனி என்ற எழுத்துகூட அழிந்துபோன பந்து, கடையில் சும்மா கொடுத்தாலும் வாங்கமாட்டார்கள். நீங்கள் மண்டியிட்டு இரண்டு கையாலும் மணலைப் புரட்டிக்கொண்டே இருந்தீர்கள். போகட்டும் என்றேன், காதில் விழவில்லை. வெயில் ஏறிவிட்டது. கால் மணி நேரம் கழித்து என் காலடி பதிந்த குழிக்குள்ளேயே அது கிடந்தது. அதே வாரம் உங்கள் ஷாப் பதிவேட்டில் எத்தனை பெயர் குறைந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரியும். அதைப் பற்றி நீங்களும் பேசவில்லை, நானும் கேட்கவில்லை.

அன்று ஒரு பந்தை விடமாட்டேன் என்ற ஆள், ஒரு முழு செட்டை எனக்கு ஒரு வார்த்தை சொல்லாமல் விற்றீர்கள். எனக்குச் சொல்லாததை விடுங்கள். பதினோரு வருஷம் உங்கள் பையைச் சுமந்த கேடிக்குச் சொன்னீர்களா? அவர் பெயரை இங்கே எழுதவில்லை. மூன்று ஞாயிறு காலை ஆறு மணிக்கு வாசலில் நின்றிருக்கிறார். ரவுண்டு இல்லையென்றால் அவருக்குக் கூலி இல்லை, மாதச் சம்பளக்காரர் இல்லை. மந்தம் வந்தால் எல்லோரும் தள்ளுவண்டிக்கு மாறுகிறார்கள், முதல் அடி கேடிகளுக்குத்தான். இதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியிருப்பது எனக்கு வலிக்கிறது. அவரிடம் நான்தான் போய்ச் சொன்னேன். உங்களை அவர் ஒரு குறையும் சொல்லவில்லை. உடம்பு சரியாக இருக்கிறதா என்று மட்டும் கேட்டார்.

இனி செய்ய வேண்டியதைச் சொல்கிறேன்.

சந்தா முதலில். பல கிளப் விதிகளில் ஆப்சென்ட் மெம்பர் அல்லது வெளியூர் உறுப்பினர் என்று ஒரு பிரிவு உண்டு. சந்தா குறையும், பெயர் பட்டியலில் நிற்கும். கேட்காதவருக்கு யாரும் கூப்பிட்டுத் தருவதில்லை. புது வருஷத்து பில் போடுமுன் செயலாளருக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். பழைய பாக்கி இருந்தால் மனு மேசையை விட்டு நகராது, அதை முதலில் தீர்த்துவிடுங்கள். எத்தனை வருஷம் வரை அனுமதி, திரும்பி வரும்போது வித்தியாசத் தொகை கட்ட வேண்டுமா, இந்த இரண்டுக்கும் பதிலை எழுத்திலேயே வாங்குங்கள். வாய்ப்பேச்சு கமிட்டி மாறினால் போய்விடும்.

அடுத்தது வண்டி. வேலூரிலிருந்து சென்னை போய்வர ஏறக்குறைய 280 கிலோமீட்டர், லிட்டருக்கு 14 ஓடும் வண்டிக்கு 20 லிட்டர். மாதம் நாலு ஞாயிறு என்றால் 80 லிட்டர், டோல் தனி. முன்பு நாலு பேரும் ஒரே வண்டியில் போனபோது தலைக்கு 20 லிட்டர்தான் வந்தது. பிறகு ஆளுக்கொரு வண்டி ஆனது. யாரும் கணக்குப் பார்க்கவில்லை, கல்லாவில் பணம் இருந்தது. மாதம் ஒரே ஒரு ஞாயிறு, ஒரே வண்டி என்றால் தலைக்கு 5 லிட்டர். கேடிக்கு முழுக்கூலி கொடுத்தாலும் மிச்சம் நிற்கும்.

கிளவுஸ் பற்றி உங்களிடம் சொல்வது கொல்லன் தெருவில் ஊசி விற்பது. படிக்கிற மற்றவர்களுக்காக: நல்ல கோல்ஃப் கிளவுஸ் கம்பளி இல்லாத, முடி உள்ள செம்மறி ஆட்டின் தோல். நம் மேச்சேரி ஆடு அந்த வகைதான். கை வியர்வையின் உப்பும் வெயிலில் காய்வதும் சேர்ந்து தோலுக்குள் ஏற்றிய எண்ணெயைப் போக்கிவிடும், அப்புறம் அது அப்பளம் மாதிரி விறைக்கும். இரண்டு கிளவுஸ் வைத்து ஒன்பதாவது ஹோலில் மாற்றி, விரித்து நிழலில் உலர்த்தினால் இரண்டும் சேர்ந்து மூன்றின் வேலையைச் செய்யும். உள்ளங்கையின் அடிப்பக்கம் மட்டும் ஓட்டை விழுகிறதென்றால் பெரும்பாலும் குற்றம் கிளவுஸிடம் இல்லை. கிரிப் வழவழத்துப்போய், அடிக்கும்போது ஸ்டிக் கைக்குள் நகர்கிறது. கிரிப்பை மாற்றாமல் கிளவுஸ் வாங்கிக்கொண்டே இருப்பது ஓட்டைப் பானையில் தண்ணீர் ஊற்றுவதுதான்.

பந்து இரண்டு பீஸ் (உள்ளே ஒரு கரு, மேலே ஒரு ஓடு) போதும். கண்டெடுத்ததிலும் மேலே சிராய்ப்பு இருந்தால் பரவாயில்லை, பெயிண்ட் அடித்துப் புதுசாக்கியதைத் தொடாதீர்கள். பந்தின் மேல் இருக்கும் சின்னக் குழிகள் அடைபட்டுப் பறக்கும் பாதை கெட்டுவிடும்.

இப்போது அந்த ஏழு ஸ்டிக். புது செட் வந்தபோது "உன்கிட்டயே இருக்கட்டும்" என்று விட்டுப்போன பழையவை: 3 வுட் (தூர அடிக்கு), 5, 7, 9 ஐயன், பிட்சிங் வெட்ஜ், அதே சாண்ட் வெட்ஜ், பட்டர் (பந்தைக் குழிக்குள் உருட்டும் ஸ்டிக்). விதி 14 வரை அனுமதிக்கிறது, 14 இருந்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை. ஐயன்களுக்கு இடையில் 20, 25 கஜம் இடைவெளி விழும். ஒரு அங்குலம் கீழே இறக்கிப் பிடித்தால் அஞ்சாறு கஜம் குறையும், இடைவெளியை அப்படித்தான் நிரப்ப வேண்டும். இரண்டு ரவுண்டில் பழகிவிடும்.

பட்டரை விட்டுவிட்டு மற்ற ஆறுக்கும் கிரிப் மாற்றிவிட்டேன். பழைய கிரிப்பைக் கொக்கி பிளேடால் கிழிக்க வேண்டும். நேர் பிளேடு கிராஃபைட் ஷாஃப்டின் இழையைக் கீறினால் பிறகொரு நாள் அந்த இடத்தில்தான் முறியும். பழைய டேப்பின் பிசின் ஒரு பொட்டு இல்லாமல் சுரண்டி, இரண்டு பக்கமும் ஒட்டும் டேப்பை நீளவாக்கில் சுற்றி, முனையில் அரை அங்குலம் விட்டு உள்ளே மடக்க வேண்டும். கிரிப்பின் அடித்துளையை டீயால் (பந்தை ஏற்றி வைக்கும் சின்ன முளை) அடைத்து, டர்பன்டைனை உள்ளே ஊற்றிக் குலுக்கி, அதையே டேப் முழுக்க நனையக் கொட்டி, ஒரே மூச்சில் அடிவரை தள்ள வேண்டும். சிக்கனம் பார்த்து டர்பன்டைன் குறைத்தால் பாதியில் நிற்கும். பாதியில் நின்றதை இழுக்கவும் முடியாது, தள்ளவும் முடியாது, அறுத்துத்தான் எறிய வேண்டும். இந்த வெயிலில் பகல் பதினோரு மணிக்குச் செய்ததால் 7 ஐயனில் அப்படி ஒன்று போயிற்று, ஏழாவது கிரிப் வாங்க வேண்டியதாயிற்று. விடிகாலையில் செய்திருக்க வேண்டும். தோல் பதனிடும் டேனரியில் ஃபினிஷிங்குக்கு வைத்திருக்கும் தின்னரை எக்காரணம் கொண்டும் இதற்கு எடுக்காதீர்கள். ஷாஃப்டின் பெயிண்டைத் தின்றுவிடும், ரப்பரும் கெடும்.

உங்கள் விரல் நீளத்துக்கு டேப் இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்றியிருக்கிறேன், முன்பு மாதிரியே. 3 வுட்டில் ஷாஃப்ட் தலையைச் சேரும் இடத்தில் கறுப்பு வளையம் கொஞ்சம் மேலே ஏறியிருக்கிறது. தலை ஆடவில்லை, எபாக்சி பசை பிடித்துத்தான் இருக்கிறது. ஆனாலும் பையைக் கார் டிக்கியில் விடாதீர்கள், சித்திரை வெயிலில் மூடிய டிக்கியின் சூட்டில் எபாக்சியும் இளகும், டேப்பும் வழுக்கும்.

பை கூடத்தில் சுவரோரம் நிற்கிறது. நான் இல்லாவிட்டாலும் வீட்டில் கேட்டால் எடுத்துத் தருவார்கள். செயலாளருக்கான மனுவை எழுதி பக்கவாட்டு ஜிப்புக்குள் வைத்திருக்கிறேன். தேதியும் கையெழுத்தும் மட்டும் பாக்கி.

தம்பி
வேலூர்