குண்டு வீச அனுமதி தந்தால், முடிவுத் தேதியையும் எழுதுங்கள்

ஐ.நா. பாதுகாப்பு கவுன்சிலின் 15 உறுப்பு நாடுகளுக்கு,

வல்லரசுகள் அடுத்த நாட்டு அரசியலில் தலையிடலாமா என்ற வாதம் உங்கள் அவையில் தீரப்போவதில்லை. உள்நாட்டு விவகாரத்தில் தலையிடாதே என்று சொல்லும் ஐ.நா. சாசனத்தின் 2(7) பிரிவே, ஏழாம் அத்தியாய நடவடிக்கைகளுக்கு (அமைதிக்கு ஆபத்து வரும்போது கவுன்சில் எடுக்கும் தடை, ராணுவ நடவடிக்கைகளுக்கு) விலக்கும் தருகிறது. அந்த விலக்கை நீங்கள் எழுதும் விதம் பற்றியதுதான் இந்த மடல். தீர்மானமே இல்லாமல் நுழைகிறவர்களை (2003 இராக், 2022 உக்ரைன்) எந்த வாசகமும் தடுக்காது என்பது எங்களுக்கும் தெரியும்.

லிபியாவைப் பாருங்கள். அங்கே ராணுவ நடவடிக்கைக்கு அனுமதி தந்த 1973ஆம் எண் தீர்மானம் 2011 மார்ச் 17 அன்று 10 வாக்குகளில் நிறைவேறியது. ரஷ்யா, சீனா, இந்தியா, பிரேசில், ஜெர்மனி வாக்களிக்காமல் ஒதுங்கின. லிபியாவை ஆண்ட கடாபியின் படை அப்போது கிளர்ச்சியாளர்கள் கையிலிருந்த பென்காசி நகரை நெருங்கிக்கொண்டிருந்தது. அந்த ஆபத்து மிகைப்படுத்தப்பட்டது என்று பிரிட்டன் நாடாளுமன்ற வெளியுறவுக் குழுவே 2016இல் எழுதியது. ஆபத்து உண்மை என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் வாசகம் தப்பு.

பொதுமக்களைக் காக்க 'தேவையான எல்லா நடவடிக்கைகளும்' எடுக்கலாம், அந்நிய ஆக்கிரமிப்புப் படை மட்டும் கூடாது என்கிறது 4ஆம் பத்தி. அதே பத்தியில், முந்தைய 1970ஆம் எண் தீர்மானத்தின் 9ஆம் பத்தி 'எப்படி இருந்தபோதிலும்' என்றொரு சொற்றொடர் நுழைந்தது. அந்த 9ஆம் பத்திதான் ஆயுதத் தடை. மூன்று வாரம் முன்பு ஒருமனதாகப் போட்ட பூட்டுக்கு இப்படிக் கள்ளச்சாவி கிடைத்தது. மேற்கு லிபியாவின் நஃபூசா மலைக் கிளர்ச்சியாளர்களுக்கு விமானத்திலிருந்து ஆயுதம் போட்டதாக ஜூன் மாதம் பிரான்ஸ் ஒப்புக்கொண்டது. எடுக்கும் நடவடிக்கைகளைப் பொதுச்செயலாளருக்குத் தெரிவிக்கும்படி தீர்மானம் கேட்டது, அவ்வளவுதான். என்ன ஆயுதம், எத்தனை, யார் கைக்கு என்று விவரமாகக் கணக்குக் கொடுக்க வேண்டும் என்று அதில் இல்லை. கடாபியின் கிடங்குகளிலிருந்து வெளியேறிய ஆயுதங்கள் 2012இல் மாலியின் வடபகுதியில் சுட்டுக்கொண்டிருந்தன.

இலக்கும் நழுவியது. 1ஆம் பத்தி கேட்டது போர் நிறுத்தம். ஏப்ரல் 10 அன்று ஆப்பிரிக்க ஒன்றியக் குழுவின் திட்டத்தைக் கடாபி ஏற்றார். அவர் பதவி விலகாமல் பேச்சே இல்லை என்று மறுநாள் பென்காசியின் கிளர்ச்சித் தலைமை மறுத்தது. சில நாட்களில் அமெரிக்காவின் ஒபாமா, பிரிட்டனின் கேமரூன், பிரான்ஸின் சர்கோசி மூவரும் சேர்ந்து கடாபி போயே ஆக வேண்டும் என்று கட்டுரை எழுதினார்கள். ஆட்சி மாற்றம் என்ற சொல் தீர்மானத்தில் எங்கும் கிடையாது. அக்டோபர் 20 அன்று சிர்ட் நகரைவிட்டுத் தப்பி ஓடிய கடாபியின் வாகன வரிசை மீது நேட்டோ விமானங்கள் குண்டு வீசின. அந்த வண்டிகளிடமிருந்து எந்தப் பொதுமக்களைக் காத்தீர்கள்?

எல்லாவற்றையும்விடப் பெரிய ஓட்டை, முடிவுத் தேதி இல்லாதது. அனுமதியை நிறுத்த இன்னொரு தீர்மானம் வேண்டும். குண்டு வீசிய நாடுகளில் மூன்றின் கையில் (அமெரிக்கா, பிரிட்டன், பிரான்ஸ்) வீட்டோ, அதாவது எந்தத் தீர்மானத்தையும் தனியாகத் தடுக்கும் உரிமை, இருந்தது. யாரும் வீட்டோ செய்யாவிட்டால் நுழைய 9 வாக்கு போதும், நிறுத்த அவர்களின் தயவு வேண்டும். கடாபி கொல்லப்பட்ட பிறகு, அக்டோபர் 27 அன்றுதான் 2016ஆம் எண் தீர்மானம் வந்து, 31ஆம் தேதி இரவு 11.59க்கு அனுமதியை முடித்தது. இதே கவுன்சில் 2015இல், லிபியக் கரைக்கு அப்பாலுள்ள சர்வதேசக் கடலில் ஆள்கடத்தல் படகுகளைச் சோதிக்க அனுமதித்தபோது ஓராண்டு என்று அளந்து கொடுத்தது. படகுக்குக் கெடு உண்டு, குண்டுக்குக் கிடையாது!

ஆகவே: அனுமதி 90 நாளில் தானாக முடிய வேண்டும், நீட்டிக்கப் புதிதாக 9 வாக்கு தேவைப்பட வேண்டும். ஆயுதத் தடையில் விலக்கு வேண்டுமென்றால் தனிப் பத்தியாக, ஆயுதத்தின் வகை, எண்ணிக்கை, பெறுபவர் விவரத்தோடு வரட்டும். தாக்குதல் அறிக்கை இரண்டு வாரத்துக்கு ஒருமுறை எழுத்தில் கவுன்சிலுக்கு வரட்டும்.

கெடு தெரிந்தால் சர்வாதிகாரி பதுங்கிக் காத்திருப்பான் என்பீர்கள். நியாயமான பயம்தான். ஆனால் மக்கள் இன்னும் ஆபத்தில் இருந்தால் நீட்டிப்புக்கு வாக்குக் கிடைக்கும். கிடைக்காவிட்டால், மற்ற உறுப்பினர்களை நம்பவைக்க முடியவில்லை என்று பொருள். லிபியாவுக்குப் பிறகு அந்த நம்பிக்கைதான் அறுந்தது. 2011 அக்டோபரில் சிரியா தீர்மானத்தை ரஷ்யாவும் சீனாவும் வீட்டோ செய்தபோது ரஷ்யா லிபியாவையே காரணம் காட்டியது.

நிரந்தர ஐவர் இதைத் தாமாக எழுதமாட்டார்கள். தேர்ந்தெடுக்கப்பட்ட பத்து நாடுகளே, கணக்கு உங்கள் பக்கம் இருக்கிறது. 2011இல் இன்னும் இரண்டு நாடுகள் ஒதுங்கியிருந்தால் வாக்கு 8, தீர்மானம் தோற்றிருக்கும். நைஜீரியா, தென்னாப்பிரிக்கா, காபோன் மூன்றும் முடிவுத் தேதியை எழுதி வாங்காமல் கை தூக்கின. அடுத்த வரைவு மேசைக்கு வரும்போது, முடிவுத் தேதி இல்லாத பத்திக்கு எங்கள் வாக்கு இல்லை என்று ஏழு நாடுகள் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.