பொசிக்ரனில் உதவிய பச்சைத் தொப்பி அக்காவுக்கு

இங்கிலாந்தின் தென்மேற்கு மூலை, கார்ன்வால். அங்கே பொசிக்ரன் கருங்கல் பாறைகளுக்கு மேலே இருக்கிறது கவுண்ட் ஹவுஸ். ஒரு காலத்தில் சுரங்கத்தின் கணக்கு அலுவலகம். இப்போது பாறை ஏறுகிறவர்களின் தங்குமிடம். கோடை முடியும் நேரத்தில் எங்கள் கிளப் கூடியது அங்கேதான்.

கமாண்டோ ரிட்ஜ் ஏறிவிட்டுத் திரும்பும்போது கடல்பனி மூடிவிட்டது. (இரண்டாம் உலகப் போரில் கமாண்டோக்கள் பயிற்சி எடுத்த முகடு, அதனால்தான் அந்தப் பெயர்.) பாதையில் என் தோழிக்குக் கணுக்கால் பிசகியது. எங்கள் ஆட்கள் முன்னே போய்விட்டார்கள். போனில் சிக்னல் இல்லை.

அப்போதுதான் நீங்கள் வந்தீர்கள், அக்கா. எங்கள் கிளப்பே இல்லை நீங்கள். எதுவும் கேட்காமல் தரையில் உட்கார்ந்து, விரலுக்குச் சுற்றும் டேப்பால் அவள் காலுக்குக் கட்டுப் போட்டீர்கள். எங்கள் ஈரக் கயிற்றைச் சுருட்டி உங்கள் தோளில் மாட்டிக்கொண்டீர்கள். அதோடு விட்டிருந்தாலே பெரிய உபகாரம். அவளைக் கைத்தாங்கலாக மேலே கொண்டுவந்து, அப்புறம் இரவுச் சாப்பாட்டையும் விட்டுவிட்டு, அந்தக் குறுகலான சாலையில் பென்சான்ஸ் நகரம் வரை வண்டி ஓட்டினீர்கள். எலும்பு முறிவு இல்லை என்று மருத்துவர் சொல்லும்வரை நீங்கள் நகரவில்லை. பெட்ரோலுக்குப் பணம் நீட்டினேன், முறைத்தீர்கள்! பெயர் கேட்டதற்கும் சிரிப்புதான் பதில்.

நீங்கள் தமிழ் படிக்கப்போவதில்லை, சரி. பிரிட்டனில் பாறை ஏறும் தமிழர்கள் யாராவது பார்த்தால் சொல்லிவிடுங்கள்: பச்சைக் கம்பளித் தொப்பி, பழைய வெள்ளை வேன், பின்சீட்டில் ஒரு கிழட்டு நாய். தோழி நன்றாக நடக்கிறாள். அக்கா, உங்கள் பிளாஸ்க் எங்களிடம்தான் இருக்கிறது.