உப்புக்கு ஏது மூலக்கூறு?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் தங்கள் மாணவர் பக்கத்தில் வந்த கட்டுரையில், “உப்பின் ஒரு மூலக்கூறில் ஒரு சோடியம் அணுவும் ஒரு குளோரின் அணுவும் கைகோத்திருக்கின்றன” என்று ஒரு வரி. பக்கத்திலேயே இரண்டு உருண்டைகளைக் குச்சியில் செருகிய படம். உப்புக்கு மூலக்கூறே கிடையாது என்பது தங்களுக்குத் தெரியாததல்ல. அச்சுக்குப் போகும் அவசரத்தில் தப்பியிருக்கும் என்று நானும் தாளை மடித்து வைத்திருப்பேன். உயர்நிலை மூன்றில் படிக்கும் என் பேத்தி விடவில்லை. “இப்படி எழுதினால் எங்கள் பள்ளியில் மதிப்பெண் போய்விடும், தாத்தா” என்றாள். ஆசிரியருக்கு எழுதுவோம் என்றேன். “எதற்கு? தமிழ்ப் பேப்பர்தானே” என்று சொல்லிவிட்டுக் கைப்பேசியை எடுத்துக்கொண்டாள்.

ஏளனமாகச் சொல்லியிருந்தால் திட்டியிருப்பேன். மழை பெய்கிறது என்பதைப்போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள்.

நான் இங்கே சிங்கப்பூரில் 1982இல் மூடப்பட்ட உமறுப் புலவர் தமிழ் உயர்நிலைப் பள்ளியில் படித்தவன். அணுவும் அயனியும் எனக்குத் தமிழில்தான் அறிமுகமாயின. சோடியத்துக்கு எலக்ட்ரான் 11, வெளிக்கூட்டில் இருப்பது ஒன்றே ஒன்று. குளோரினுக்கு 17, வெளிக்கூட்டில் எட்டு நிரம்ப ஒன்று குறைவு. அது கொடுக்க, இது வாங்கிக்கொள்ள, இரண்டும் எதிரெதிர் மின்சுமை பெற்ற அயனிகளாகின்றன. எங்கள் ஆசிரியர் கரும்பலகையில் கூட்டல் குறி, கழித்தல் குறி என்று மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே போவார். பலகை தீர்ந்ததும் சுண்ணக்கட்டியால் சுவரிலும் இரண்டு குறி போட்டுவிட்டு, “இதில் எந்த இடத்தில் வெட்டி மூலக்கூறு என்பாய்?” என்று கேட்பார். உப்புப் படிகத்துக்குள் ஒவ்வொரு சோடியம் அயனியைச் சுற்றியும் ஆறு குளோரைடு அயனிகள். அந்த ஆறில் எதனோடு அது கைகோத்திருக்கக் கண்டாராம் தங்கள் கட்டுரையாளர்?

அவருக்குத் துணை இல்லாமல் இல்லை. பிராக் தந்தையும் மகனும் எக்ஸ் கதிர்களைக் கொண்டு படிகங்களின் உள்ளமைப்பையும், உப்பில் அயனிகள் சதுரங்கக் கட்டம்போல மாறி மாறி அமைந்திருப்பதையும் கண்டு, 1915இல் நோபல் பரிசும் வாங்கிவிட்டார்கள். அதற்குப் பிறகும் 1927இல் ஆம்ஸ்ட்ராங் என்ற மூத்த வேதியியலாளர், உப்பாவது சதுரங்கக் கட்டமாவது என்று ‘நேச்சர்’ இதழுக்குக் கடிதம் எழுதிச் சீறினார். அவருக்கு அப்போது வயது 79. அந்த வயதுக்குரிய சலுகையைத் தங்கள் கட்டுரையாளருக்கும் தருவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஜூரோங்கில் ஒரு தொழிற்சாலை ஆய்வுக்கூடத்தில் 29 ஆண்டுகள் வேலை பார்த்தவன் என்பதால், அன்று மாலையே சமையலறையில் பேத்திக்குச் செய்து காட்டினேன். இரண்டு கிண்ணங்களில் காய்ச்சி வடித்த நீர். ஒன்றில் சர்க்கரை, ஒன்றில் உப்பு. 9 வோல்ட் பேட்டரி, ஒரு குட்டி எல்இடி விளக்கு, கம்பிகளின் முனையில் இரண்டு தேக்கரண்டிகள். சர்க்கரைக் கிண்ணத்தில் விளக்கு அசையவில்லை. சர்க்கரை மூலக்கூறில் 45 அணுக்கள். அவை எலக்ட்ரான்களைப் பங்கு போட்டுப் பிணைந்தவை, கரைந்தாலும் மூலக்கூறு மூலக்கூறாகவே இருக்கும். உப்புக் கிண்ணத்தில் கரண்டிகளை வைத்ததும் விளக்கு எரிந்தது, கரண்டி ஓரத்தில் குமிழிகள் கிளம்பின. பிரிந்து நீந்தும் அயனிகள் இல்லாமல் விளக்கு ஏன் எரிகிறது? பேத்தி குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நல்ல கரண்டிகளைப் பாழாக்கியதற்காக என் மனைவி பேசியதை இங்கே எழுத முடியாது.

எழுதத் தொடங்கியதால் பழைய கணக்கையும் சொல்லிவிடுகிறேன். அதே கட்டுரையில் எலக்ட்ரான் ஓரிடத்தில் எலக்ட்ரான், ஓரிடத்தில் இலத்திரன், ஓரிடத்தில் மின்னணு. மூன்றும் மூன்று துகள்களா என்று ஒரு பிள்ளை கேட்டால் யார் பதில் சொல்வது? தலைப்பில் ‘வேதியல்’, ஒரு ‘யி’யைப் போட இடமில்லை, பக்கத்தில் நடிகையின் படத்துக்கு அரைப் பக்கம் இருக்கிறது. போன ஆண்டு, நீர் கொதிக்கும்போது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் தனித்தனியாகப் பிரிந்து ஆவியாகின்றன என்று எழுதினீர்கள். அது உண்மையானால் தேக்கா சந்தையின் டீக்கடைகள் தினம் ஒருமுறை வெடித்திருக்க வேண்டும். அப்போதும் இரண்டு பக்கம் எழுதி அனுப்பினேன். “கட்டுரை அருமை” என்ற முதல் வரியை மட்டும் வெளியிட்டீர்கள். மரியாதைக்கு எழுதிய வரி அது.

நான் கேட்பது பெரிதல்ல. அடுத்த மாணவர் பக்கத்தில், உப்பு அயனிகளால் ஆன படிகம், அதற்குத் தனி மூலக்கூறு இல்லை என்று ஒரு வரித் திருத்தம். கட்டுரை வந்த அதே எழுத்தளவில் போட்டால் நன்றி. எலக்ட்ரானுக்கு மூன்றில் ஏதாவது ஒரு பெயரை வைத்துக்கொள்ளுங்கள், எதுவானாலும் எனக்குச் சம்மதம். என் பெயரைப் போட வேண்டாம். போன முறை அதிலிருந்த றகரத்தை ரகரமாக்கிவிட்டீர்கள்.

திருத்தம் வந்தால் அதைக் கத்தரித்துச் சாப்பாட்டு மேசையில் பேத்தி உட்காரும் இடத்தில் வைப்பேன். நானாக ஒன்றும் சொல்ல மாட்டேன்.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகர்,
தோ பாயோ